பள்ளிக்கூடம் ஆஃபீஸ் ஆகிறது: எங்கள் தெரு முப்பது அடியாம்!

தெருமுனை
நேற்று எங்கள் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் கணக்குப்பிள்ளை சார் எழுதியதை அப்படியே தருகிறேன்: "அறுநூறு பிள்ளைகள் வந்து போன கட்டடத்தில் நூற்றைம்பது பேர் உட்கார்ந்து வேலை பார்த்தால் என்ன குடி முழுகிவிடும்? முப்பது அடி ரோடு, தாராளமாக இருக்கிறது." படித்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை. குழுவில் பதில் போட்டால் 'குட் மார்னிங்' படங்களுக்குள் காணாமல் போய்விடும், அதனால் இங்கே எழுதுகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்குச் சுருக்கமாக: சென்னை நங்கநல்லூரில் எங்கள் தெருவில் ஒரு மெட்ரிக் பள்ளி இருந்தது. கொரோனாவுக்குப் பிறகு பிள்ளைகள் குறைந்து மூடிவிட்டார்கள். இப்போது அதை ஆஃபீஸாக மாற்றுகிறார்கள். வகுப்பறைகளுக்கு நடுவே இருந்த சுவர்களை இடித்தாயிற்று. கரும்பலகைத் துண்டுகள் வாசலில் ரப்பிஷோடு கிடக்கின்றன. ஏசி மெஷின்களை மாட்ட இரும்புச் சட்டம் அடித்திருக்கிறார்கள், அத்தனையும் பின்வீட்டுப் படுக்கையறை ஜன்னலைப் பார்த்தபடி. இதற்கு அனுமதி உண்டா என்று கேட்டால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ரோடு மட்டும் முப்பது அடி! எந்த ரோடு சார்?

கணக்குப்பிள்ளை
என்னை இழுத்தது நல்லதாகப் போயிற்று. லேஅவுட் வரைபடத்தில் முப்பது அடி. என் பத்திரத்தில் நான்கெல்லை எழுதிய இடத்தில் "வடக்கே முப்பது அடி ரோடு" என்று இருக்கிறது. உங்கள் பத்திரத்திலும் "தெற்கே முப்பது அடி ரோடு" என்றுதான் இருக்கும். பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் பத்திரத்தை நீங்களே நம்பவில்லை என்றால் நான் என்ன செய்ய முடியும்?

தெருமுனை
பத்திரத்தின் மேலா சார் கார் ஓடுகிறது? இன்று காலையில் ஸ்டீல் டேப் வைத்து அளந்தேன். பள்ளி கேட்டுக்கு நேரே, இந்தப் பக்க மழைநீர் வடிகால் மூடியிலிருந்து அந்தப் பக்க மூடி வரை 22 அடி. நாலு வீடு தள்ளி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் இடத்தில் 19 அடிதான். அதில் ஒரு பக்கம் கார்கள் வரிசையாக நிற்கின்றன. மீதி எவ்வளவு என்று நீங்களே கழித்துக்கொள்ளுங்கள், கணக்கு உங்கள் தொழில்தானே.

மாடிவீடு
பள்ளிக்கு நேர் எதிரே குடியிருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். பள்ளி இருந்தபோது என்னமோ சொர்க்கமாக இருந்த மாதிரி எழுதாதீர்கள். காலையில் மைக்கில் பிரார்த்தனை. டிசம்பர் முழுக்க ஆண்டுவிழா ஒத்திகை, ஒரே பாட்டை மதியம் வரை போடுவார்கள். என் வாசலை மறித்து வேன் நிற்கும். ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியாமல் என் மாமனாரை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். அன்றைக்கு எந்த மனுவும் எழுதாதவர்கள் இன்றைக்கு டேப் எடுத்து அளக்கிறார்கள். மூடிக் கிடந்தபோது மட்டும் நன்றாக இருந்ததா? ராத்திரியானால் உள்ளே குடிக்கிறார்கள், மழை பெய்தால் மொட்டைமாடியில் தண்ணீர் தேங்கிக் கொசு. யாராவது வந்து விளக்குப் போட்டு, வாட்ச்மேன் வைத்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

தெருமுனை
மேடம், உங்கள் மாமனாருக்கு நடந்ததற்கு எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் நீங்கள் சொன்னதே என் வாதம்தான்: ஆம்புலன்ஸ் வர முடியாத தெரு! முப்பது அடி இருந்தால் வந்திருக்குமே?

இன்னொன்று. பள்ளி நெரிசல் காலையில் அரைமணி, சாயங்காலம் அரைமணி. ஞாயிற்றுக்கிழமை இல்லை, மே மாதம் இல்லை. பாதிப் பிள்ளைகள் நடந்து வந்தார்கள், மீதிப் பேர் ஒரே ஆட்டோவில் ஆறேழு பேராக வந்தார்கள். ஆஃபீஸுக்கு வருகிறவர் ஒவ்வொருவரும் ஒரு வண்டியில் வருவார், அந்த வண்டி காலையிலிருந்து ராத்திரி வரை தெருவிலேயே நிற்கும். அறுநூறு பெரியது, நூற்றைம்பது சிறியது என்று தலையை எண்ணினால் போதாது. நிற்கும் வண்டியை எண்ண வேண்டும்.

வரைபடம்
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இரண்டு விஷயம் தெரிந்தால் பாதிச் சண்டை முடியும். ஒன்று, அந்த சர்வே எண் சி.எம்.டி.ஏ.வின் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) இரண்டாவது மாஸ்டர் பிளானில் எந்த நிலப் பயன்பாட்டு வகை? முதன்மைக் குடியிருப்பா, கலப்புக் குடியிருப்பா, நிறுவனப் பகுதியா? சி.எம்.டி.ஏ. இணையதளத்தில் சர்வே எண் போட்டால் தெரிந்துவிடும். வகையை மாற்ற வேண்டுமானால் பத்திரிகையில் அறிவிப்பு வரும், ஆட்சேபம் சொல்ல 21 நாள் உண்டு. இரண்டு, வரப்போவது என்ன ஆஃபீஸ்? ஆடிட்டர் அலுவலகமும் ராத்திரி ஷிப்ட் ஓடும் கால் சென்டரும் ஒன்றில்லை.

கணக்குப்பிள்ளை
தெருமுனை சார் அளந்த லட்சணத்தைப் பாருங்கள். வடிகால் மூடியிலிருந்து மூடி வரை அளந்தாராம். வடிகால் யார் இடத்தில் இருக்கிறது? உங்கள் வீட்டு இடத்திலா கட்டினார்கள்? ரோட்டுக்குள்தானே மாநகராட்சி கட்டியது? அப்போது மூடியையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு மூன்றடி வைத்தாலும் 28 ஆயிற்று. மிச்சம் இரண்டடி எங்கே போனது என்று தெருக்காரர்கள் அவரவர் மனசாட்சியைக் கேட்கட்டும். காம்பவுண்டுக்கு வெளியே சாய்தளம் கட்டி, அதன்மேல் டைல்ஸ் ஒட்டி, ஓரத்தில் செம்பருத்தி நட்டு வைத்திருப்பது யார்?

தெருமுனை
சாய்தளத்துக்குப் போய்விட்டீர்களா! எதிர்பார்த்தேன். மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க எல்லோரும் வீட்டை உயர்த்தினோம், கார் ஏறச் சாய்தளம் போட்டோம். ரோட்டைச் சுரண்டாமல் மேல்மேலாகத் தார் போட்டவர்களை விட்டுவிட்டு என்னைக் கேட்கிறீர்கள். வடிகால் மூடிமேல் கார் ஓட்டலாம் என்கிறீர்களே, போன மாதம் தண்ணீர் லாரியின் பின்சக்கரம் ஏறி மூடி உடைந்தது, யார் வீட்டு முன்னால்? உங்கள் வீட்டு முன்னால்தான். அன்றைக்கு "இது ரோடு இல்லை, ஓட்டாதே" என்று டிரைவரிடம் கத்தியது யார் சார்?

பழைய மாணவி
பத்தாவது வரை அங்கேதான் படித்தேன். அளவு நாடாவை இரண்டு பேரும் கொஞ்சம் கீழே வையுங்கள். அந்தப் பள்ளி ஏன் மூடியது என்று ஒருவரும் கேட்கவில்லை. கொரோனா கடைசி அடி, அவ்வளவுதான். அதற்கு முன்பே அங்கீகாரத்துக்கு அலையாய் அலைந்தார்கள். 2004-ல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் போன பிறகு விதிகள் இறுகின, இறுக வேண்டியதுதான். அப்புறம் மெட்ரிக் பள்ளிகளைப் பற்றி ஆராய அரசு வைத்த சிட்டிபாபு குழு, மாநகராட்சிப் பகுதியில் பள்ளிக்குக் குறைந்தது 6 கிரவுண்டு இடம் வேண்டும் என்றது. எங்கள் பள்ளி 4 கிரவுண்டு. ஒவ்வொரு முறையும் விலக்கு கேட்டு, ஒவ்வொரு முறையும் தற்காலிக அங்கீகாரம். பெற்றோர்கள் சி.பி.எஸ்.இ. பக்கம் போனார்கள், 2021-ல் ஃபீஸ் கட்ட முடியாதவர்கள் அரசுப் பள்ளிக்குப் போனார்கள்.

பிள்ளைகளுக்கு இடம் போதாது என்று சொன்ன அதே 4 கிரவுண்டு, நூற்றைம்பது பேர் வேலை பார்க்க மட்டும் எப்படிப் போதும்? அதுதான் எனக்குப் புரியவில்லை. இந்தச் சுற்றுவட்டாரத்தில் பிள்ளைகள் ஓடி விளையாட ஒரு இடம் கிடையாது. நூலகமாகவோ, சாயங்காலம் பெரியவர்கள் உட்காரும் இடமாகவோ ஆக்கச் சொல்லி ஏன் ஒருவரும் கேட்கவில்லை?

கணக்குப்பிள்ளை
தங்கச்சி, நூலகம் நல்ல யோசனைதான். வாடகை யார் கொடுப்பது? அது தனியார் சொத்து. சொத்து வரியை 2022-ல் உயர்த்தியபோது நூலகத்தை நினைத்தா உயர்த்தினார்கள்? உரிமையாளர் கடனை அடைக்க வேண்டாமா? ரோடு போதும். முப்பது அடி.

சைக்கிள்காரன்
நான் எதற்கும் ஆதரவு இல்லை, ஆனால் ஒன்று. 2016-லிருந்து நங்கநல்லூர் ரோடு மெட்ரோ நிலையம் இருக்கிறது. ஆஃபீஸ்காரர்கள் அதில் வரலாமே. எல்லோரும் காரில்தான் வருவார்கள் என்று ஏன் முடிவு கட்டுகிறீர்கள்?

தெருமுனை
தம்பி, அந்த நிலையம் ஜி.எஸ்.டி. ரோட்டில். அங்கே இறங்கி எங்கள் தெரு வரை மே மாத வெயிலில் நடந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். நடைபாதை எங்கே இருக்கிறது? இருந்தாலும் அதன்மேல் பைக் நிற்கிறது. இரண்டு நாள் நடப்பார்கள், மூன்றாம் நாள் ஸ்கூட்டர் எடுத்துவிடுவார்கள்.

சைக்கிள்காரன்
நான் தினமும் சைக்கிளில்தான் போகிறேன் சார். உங்கள் தெரு வழியாகத்தான். உங்கள் சாய்தளத்தைச் சுற்றிக்கொண்டுதான்.

தெருமுனை
சாய்தளம், சாய்தளம்! ஒன்றரை அடி சாய்தளம்தான் இந்த ஊர்ப் பிரச்சினையா?

எல்லோருக்கும் ஒன்று நினைவூட்டுகிறேன். இந்தத் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை தானாக வரவில்லை. அப்போது நாம் ஆலந்தூர் நகராட்சி, சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது 2011-ல்தான். தொண்ணூறுகளின் கடைசியில் நகராட்சி வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கேட்டது. குழாய் பதிக்கும் முன்பே கட்டச் சொன்னார்கள், நம்பிக் கட்டினோம். மக்கள் பணம் போட்டுச் சாக்கடைத் திட்டம் கொண்டுவந்த ஊர் என்று வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். செப்டிக் டேங்க் லாரிக்காகக் காத்திருந்த காலம் போனது அந்தப் பணத்தால்தான். அது வீடுகளுக்காகப் போட்ட குழாய். நூற்றைம்பது பேர் நாள் முழுக்கக் கழிப்பறை போகும் கட்டடத்தை அதில் சேர்க்கிறீர்களே, அடைத்துக்கொண்டால் மேன்ஹோல் பொங்குவது யார் வாசலில்? அறுநூறு பிள்ளைகள் இருந்தார்களே என்பீர்கள். அவர்கள் மூன்றரைக்கு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

கணக்குப்பிள்ளை
5,000 ரூபாய் நீங்கள் மட்டும் கட்டினீர்களா? நானும் கட்டினேன், ரசீது இருக்கிறது. வீடு வீடாகப் போய் வசூலுக்கு ஆள் சேர்த்தது என் அப்பா. அப்போது "பணம் போனது போனதுதான், குழாயும் வராது ஒன்றும் வராது" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு, கடைசித் தேதி முடிகிற நேரத்தில் கட்டியவர்கள் பட்டியல் சங்கத்து நோட்டில் இன்னும் இருக்கிறது. பக்கம் எடுத்துப் போடட்டுமா?

தெருமுனை
போடுங்கள். தாராளமாகப் போடுங்கள். அதோடு சங்கத் தேர்தலில் ஓட்டு எண்ணாமலேயே செயலாளர் ஆனவர் யார் என்ற பக்கத்தையும் சேர்த்துப் போடுங்கள். அந்தப் பள்ளிக் கட்டடத்தில் மேல்மாடியில் ஒரு பகுதியை வாடகைக்குப் பேசி முன்பணம் கொடுத்திருப்பது யார் என்பதையும் சொல்லிவிட்டால் முப்பது அடி எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் விளங்கிவிடும்.

மாடிவீடு
அட, இது எனக்குத் தெரியாதே! கணக்குப்பிள்ளை சார், உண்மையா?

கணக்குப்பிள்ளை
என் தொழிலுக்கு இடம் பார்ப்பது குற்றமா? என்னிடம் இருப்பது எட்டுப் பேர். அந்தப் பெண்கள் தாம்பரத்திலிருந்தும் பல்லாவரத்திலிருந்தும் தி.நகர் வரை போய் அல்லாட வேண்டாம் என்று பார்க்கிறேன். ஊருக்குள் வேலை வந்தால் ஊருக்கு நல்லதில்லையா? அனுமதி வாங்குவது உரிமையாளர் பொறுப்பு, வாங்குவார். அதற்கும் ரோட்டு அகலத்துக்கும் சம்பந்தமில்லை. நான் வாடகைக்குப் போனாலும் போகாவிட்டாலும் ரோடு முப்பது அடிதான்.

வரைபடம்
மறுபடியும் கேட்கிறேன், சர்வே எண்ணை யாராவது பார்த்தீர்களா? அனுமதி வாங்காமல் பயன்பாட்டை மாற்றினால் நோட்டீஸ் கொடுத்துப் பூட்டி சீல் வைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வாடகைக்குப் போகிறவர்தான் அதில் முதலில் மாட்டுவார்.

பழைய மாணவி
சீல் வைப்பார்களாம்! விதி மீறிக் கட்டிவிட்டு அப்புறம் வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம் என்று நகரமைப்புச் சட்டத்தில் 113-ஏ பிரிவு கொண்டுவந்தார்கள், பிறகு 2007-க்கு முன் கட்டியதற்கெல்லாம் 113-சி கொண்டுவந்தார்கள். தி.நகரில் சீல் வைத்த கடைகள் மறுபடி திறந்ததைப் பார்த்த பிறகும் சீலை நம்பச் சொல்கிறீர்களா? முதல் ஆஃபீஸ் வந்துவிட்டால் அடுத்த வீட்டுக்காரரும் கீழ்த்தளத்தைக் கொடுப்பார். பத்து வருஷத்தில் இந்தத் தெருவில் ராத்திரி விளக்கு எரியும் வீடு எத்தனை மிஞ்சும்?

தெருமுனை
நீ ஒருத்திதான் அம்மா சரியாகப் பேசுகிறாய். வரைபடம் சார், அந்த எண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் இவர் ரோடு எவ்வளவு என்று ஒத்துக்கொள்ளட்டும். ரோட்டு அகலத்தை வைத்துத்தானே எவ்வளவு பெரிய கட்டடம் வரலாம் என்று விதியே சொல்கிறது? அதனால்தான் அவர் முப்பதை விடமாட்டேன் என்கிறார். 22 அடி சார். டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் 19.

கணக்குப்பிள்ளை
ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வாருங்கள். சங்கத்திலிருந்து இரண்டு பேரைக் கூட்டி வருகிறேன். காம்பவுண்டு சுவரிலிருந்து காம்பவுண்டு சுவர் வரை அளப்போம். சாய்தளத்துக்கு மேலேயே டேப்பைப் போடுவோம்.

தெருமுனை
ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குத் தெருவில் என்ன இருக்கும்? காக்காய்தான் இருக்கும். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அளப்போம். கார் நிற்கட்டும், குப்பை வண்டி நிற்கட்டும், அதற்குப் பிறகு எத்தனை அடி மிஞ்சுகிறதோ அதுதான் ரோடு. உங்கள் சங்கத்து ஆட்கள் வேண்டாம். டேப்பும் என்னுடையதுதான்.

மாடிவீடு
திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு எங்கள் அடுக்ககத்துக்குத் தண்ணீர் லாரி வரும். அப்போது அளக்கிறேன் என்று வந்து லாரியை நிறுத்தினால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

கணக்குப்பிள்ளை
ஒன்பது மணிக்கு எனக்கு வேலை இருக்கிறது. எல்லோரும் பென்ஷன் வாங்கிக்கொண்டு டேப்போடு நிற்கிறவர்கள் இல்லை. ஞாயிறு ஏழு மணி. வராவிட்டால் முப்பது அடி என்று ஒத்துக்கொண்டதாக அர்த்தம்.

தெருமுனை
என் பென்ஷனைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள். அரசாங்கத்துக்கு உழைத்து வாங்குவது அது. ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன், ஒத்துக்கொள்ளவும் மாட்டேன். லாரி நிற்கட்டும் மேடம், லாரி நிற்கும்போதுதான் அளக்க வேண்டும். 19 அடி.