கேபினெட்டைத் தொட்டால் சுள்ளென்றது, மதர்போர்டு போச்சு என்றார்கள்

பாளையங்கோட்டையில் வீட்டு மாடியிலேயே கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய ஒர்க்ஸ்டேஷன் கம்ப்யூட்டர் ஒன்று எடுத்தேன். ஜியான் ப்ராசசர், பிழை திருத்தும் 32 ஜிபி ஈசிசி ரேம், ஏதோ கம்பெனியில் கழித்துப் போட்டது. கனம் மட்டும் அரிசி மூட்டை மாதிரி. இத்தனை நாளும் ஒரு குறை சொல்ல முடியாது. இந்தச் சித்திரையில்தான் சவம் படுத்த ஆரம்பித்தது.

ஆல்பம் பக்கம் பிரிண்ட் கொடுத்தால் பாதியில் பிரிண்டர் கழன்றுகொள்ளும், கூடவே கீபோர்டும் போய்விட்டு வரும். சில நாள் மிஷினே தானாக அணைந்து மறுபடி எழுந்திருக்கும். விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் ஈவன்ட் வியூவரைத் திறந்தால் கெர்னல் பவர் 41 என்று வரிசையாக நிற்கிறது. அதைப் பார்த்ததும் பவர் சப்ளைதான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அந்த 41 முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதை மட்டும்தான் எழுதி வைக்கும். செத்தான் என்று எழுதும், எதனால் என்று எழுதாது.

சரி, கையில் மல்டிமீட்டர் இருக்கிறதே என்று ஹார்டு டிஸ்குக்குப் போகும் கனெக்டரில் மஞ்சள் கம்பிக்கும் கறுப்புக்கும் வைத்துப் பார்த்தேன், 12.1 காட்டியது. 11.4க்குக் கீழே இறங்கினால்தான் கவலைப்பட வேண்டும். இந்த மாதிரி கம்பெனி மிஷின்களில் கடையில் கிடைக்கிற சாதா பவர் சப்ளை மாட்டாது, மதர்போர்டுக்குப் போகும் கனெக்டரே வேறு, அதனால் வேறொன்றை மாட்டிப் பார்க்கவும் வழியில்லை. ராத்திரி முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட விட்டேன், ஒரு எரர் கூட இல்லை. ப்ளோயர் வைத்துத் தூசி அடித்தேன் (ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும், பம்பரமாகச் சுற்ற விட்டால் பேரிங் போகும்). ப்ராசசரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது, அதையும் புதிதாகப் போட்டேன். ஒன்றுக்கும் மசியவில்லை.

கடைசியில் ஜங்ஷன் பக்கம் ஒரு சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே ரெண்டு நாள் சும்மா ஜம்மென்று ஓடியிருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்தேன், சாயங்காலமே பழைய கதை. திரும்பப் போனால், "அண்ணாச்சி, இது மதர்போர்டுதான், விட்டுவிட்டு வருது, 14,000 ஆகும், யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்கள். நானும் நகையை வைக்கலாமா என்கிற அளவுக்கு யோசித்தேன். கடையில் நன்றாக ஓடுகிற மிஷின் வீட்டில் மட்டும் ஏன் படுத்துகிறது என்று யோசித்திருக்க வேண்டும். அதைத்தான் விட்டுவிட்டேன்.

உண்மையைக் கண்டுபிடித்தது நான் இல்லை, வீட்டுக்காரி. அறையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் வெறுங்காலோடு கேபினெட்டின் பின்பக்கம் கை பட்டதும் அலறிவிட்டாள். எனக்கும் எப்போதாவது சுள்ளென்று இருக்கும், செருப்புப் போட்டு உட்காருவதால் பெரிதாகத் தெரியவில்லை. தெரு முக்கில் இருக்கும் எலக்ட்ரீஷியன் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். அவர் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. பிளக்கில் மீட்டரை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் பார்த்தார், எழுபது சொச்சம் வோல்ட். "கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் இல்லவே. ஒம்ம எர்த்து குழி எங்க?" என்றார்.

குழி எங்கே என்று எனக்கே தெரியாது. முருங்கை மரத்தடியில் செங்கல்லும் கொத்தனார் விட்டுப்போன சிமென்ட் சாக்கும் மூடிக் கிடந்தது. கிளறினால் மண் செக்கச்செவேலென்று பொடியாக இருக்கிறது, பைப்பில் இருந்த கிளாம்ப் துரு பிடித்து, கம்பி பேருக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிளாம்பைத் தேய்த்து, புதுக் கம்பி இறுக்கி, நாலு வாளித் தண்ணீர் ஊற்றினோம். திரும்ப மீட்டர் வைத்தால் ரெண்டு வோல்ட்.

அவர் சொன்னதையும் நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் சின்னக் கெப்பாசிட்டர்கள் கொஞ்சம் கரண்டை எர்த் கம்பிக்குக் கசிய விடும். எர்த் ஒழுங்காக இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் கேபினெட்டே 230இல் பாதி, அதாவது 115 வோல்ட் பக்கத்தில் மிதக்கும். அந்தக் கசிவு ஆளைக் கொல்லாது, ஆனால் எர்த் இல்லாத வீட்டில் நிஜமாகவே ஒரு கரண்ட் கம்பி பாடியில் பட்டால் கதை வேறு. போதாததற்கு கீழே இருக்கும் போர் மோட்டார், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றின் கசிவும் அதே கம்பியில் அலைந்து என் மிஷினுக்கு வந்திருக்கிறது. யோசித்துப் பார்த்தால் பிரிண்டர் கழன்றதெல்லாம் மோட்டார் போடும் நேரம்தான்.

தானாக அணைந்தது மட்டும் வேறு வியாதி. 600 விஏ யூபிஎஸ் 360 வாட் சுமாருக்குத்தான் தாங்கும், நான் அதில் ஒர்க்ஸ்டேஷன், ரெண்டு மானிட்டர் எல்லாவற்றையும் ஏற்றியிருந்தேன். பேட்டரியும் பழசு. கரண்ட் ஒரு கண் சிமிட்டினாலும் விழுந்துவிடும். கடையில் யூபிஎஸ் இல்லாமல் நேராகப் போட்டிருந்தார்கள், அதுதான் சங்கதி.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

———

எனக்கு உவரிப் பக்கம். ஐஸ் கம்பெனி ஒன்றில் கணக்கு. ஆபீஸ் ஜன்னலைத் திறந்தால் கடல், அதனால் எங்களுக்கு எதிரி எர்த் இல்லை, உப்புக்காற்று. கேபினெட் ஸ்க்ரூ எல்லாம் ஆறே மாதத்தில் செம்மண் நிறம். ஆன் பண்ணினால் பீப் அடிக்கும், டிஸ்ப்ளே வராது. ஒவ்வொரு தடவையும் ரேமைக் கழற்றி, பிள்ளைகள் அழிக்கிற ரப்பரால் அந்தத் தங்க நிறக் காலை லேசாகத் தேய்த்து மாட்டினால் எழுந்துவிடும். பைய தேய்க்கணும், உப்புத்தாளெல்லாம் போட்டுத் தேய்த்து முலாமைச் சுரண்டினவரை எனக்குத் தெரியும்.

போன வருடம் கணக்கு எழுதும் டாலி திறக்கவே அஞ்சு நிமிஷம் ஆனது. ஹார்டு டிஸ்க் போச்சு, புதுசு வாங்குங்க என்றார்கள். வாங்குவதற்கு முன்னால் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தை எடுத்துப் பார்த்தேன். ரீஅலோகேட்டட் செக்டார் (கெட்டுப்போய் மாற்றிய இடம்) சைபர், பெண்டிங்கும் (சந்தேகத்தில் நிற்கும் இடம்) சைபர், ஆனால் சிஆர்சி எரர் (டேட்டா வரும் வழியில் சிதைவது) மட்டும் மூவாயிரத்தைத் தாண்டி நிற்கிறது. அது டிஸ்கின் குற்றம் இல்லை, பெரும்பாலும் போர்டுக்கும் டிஸ்குக்கும் நடுவில் இருக்கும் சாட்டா கேபிளின் வேலை. 80 ரூபாய் கேபிள், முடிந்தது. ஒன்று கவனியுங்கள், கேபிளை மாற்றினாலும் அந்த எண் குறையாது. மேற்கொண்டு ஏறாமல் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். நான் இது தெரியாமல் ரெண்டு நாள் குழம்பி, இன்னொரு கேபிளும் வாங்கினேன்.

———

கல்லிடைக்குறிச்சி. எங்கள் வீட்டில் பல்லி. பவர் சப்ளைக்குள் போய் டப்பென்று ஒரு சத்தம், அப்புறம் ஊரையே கூட்டுகிற நாற்றம். திறக்கப் போன என்னைக் கடைக்காரத் தம்பி தடுத்துவிட்டான், பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் கரண்ட் நிற்குமாம். புதுசு மாட்டிய கையோடு, இனி எந்தப் பல்லி வருகிறது பார்க்கிறேன் என்று பின்னால் இருக்கிற ஓட்டையெல்லாம் கொசுவலையை ரெட்டையாக மடித்து ஒட்டினேன். ஒரே மாதம், தூசி அடைத்துப் போய் ப்ராசசர் 98 டிகிரி, வீடியோ ரெண்டரிங் போட்டால் எருமை மாதிரி நகர்கிறது. வலையைப் பிய்த்துவிட்டேன். பல்லியைத் தடுக்க இன்னும் வழி தெரியவில்லை.

முதலில் எழுதியவரிடம் ஒன்று கேட்கணும், அந்தக் குழிக்கு எத்தனை நாளைக்கு ஒருக்கா தண்ணீர் விடுகிறீர்கள்?

———

எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி வெயில் காலத்தில் வாரம் ஒருக்கா என்றார். எனக்கு ஞாபகம் நிற்காது என்று, மாடி ஏசியில் சொட்டுகிற தண்ணீர்க் குழாயை நீட்டி அந்தக் குழிக்கே திருப்பி விட்டுவிட்டேன். ஏசி ஓடினால் குழி நனையும். இப்போது முருங்கைதான் தாறுமாறாக வளர்கிறது.