கோடை விடுமுறையில் கேம் டெவலப்மெண்ட் வகுப்பு: பணம் கட்டலாமா?

சேலத்து_அம்மா:
மகன் ஒன்பதாவது முடித்திருக்கிறான். பக்கத்து சென்டரில் மே மாதம் முழுக்க கேம் டெவலப்மெண்ட் வகுப்பாம். நோட்டீஸில் ‘நான்கே வாரத்தில் அன்ரியல் எஞ்சினில் த்ரீடி ஓபன் வேர்ல்ட் கேம்’ என்று போட்டிருக்கிறது. ப்ரோக்ராமிங்கில் இவனுக்கு ஸ்க்ராட்ச் தெரியும், பைத்தான் கொஞ்சம். வீட்டில் இருப்பது 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப். சேர்க்கலாமா?

ஜம்ப்_வாத்தியார்:
கோடை வகுப்புகளில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த நோட்டீஸை நம்பிக் கட்டாதீர்கள். அன்ரியல் பெரிய கேம்கள் செய்கிற மென்பொருள்; அதற்கு 32 ஜிபி ரேம் இருந்தால் நல்லது என்று அதை உருவாக்கிய எபிக் நிறுவனமே சொல்கிறது. வீட்டுக்கு வந்து திறந்துகூடப் பார்க்க முடியாது. ரெடிமேட் டெம்ப்ளேட்டில் நாலு மலை, பத்து மரம் இழுத்து வைத்துவிட்டு சர்டிபிகேட்டோடு வருவான்.

என் வகுப்பில் முதல் வாரம் முழுக்க ஒரு சதுரம் குதிக்கும், அவ்வளவுதான். நாங்கள் பயன்படுத்துவது கோடோ எஞ்சின், அதுவும் கேம் செய்கிற மென்பொருள்தான், இலவசம். அதில் ப்ரோக்ராம் எழுதும் மொழியான ஜிடிஸ்க்ரிப்ட் பைத்தான் சாயலில் இருக்கும்.

குதிப்பதற்கு ஒரு வாரமா என்றால், ஆமாம். மேடையின் விளிம்புவரை ஓடிவந்து பட்டனை அமுக்குவார்கள், சதுரம் பள்ளத்தில் விழும். “சார், நான் அமுக்கினேன், அதுதான் குதிக்கலை!” என்று சண்டை. கணக்குப்படி கம்ப்யூட்டர் சொல்வது சரி, தரையைத் தாண்டிய பிறகுதான் அமுக்கியிருக்கிறான். ஆனால் விளையாடுகிறவனுக்கு அது அநியாயம். அதனால் விளிம்பைத் தாண்டியும் 0.1 விநாடிவரை குதிக்க விடுவோம். கோயோட்டி டைம் என்பார்கள். அதை 0.5 ஆக்கினால் காற்றில் நடக்கிற மாதிரி இருக்கும், 0.02 ஆக்கினால் மறுபடி சண்டை. அந்த எண்ணை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்கிற பிள்ளைக்கு டிசைன் பிடிபட ஆரம்பித்துவிட்டது.

சென்டரில் ஒன்று மட்டும் கேளுங்கள்: போன பேட்ச் பிள்ளைகள் செய்த கேமை விளையாடிப் பார்க்கலாமா?

நிழல்பிக்சல்:
சதுரத்தோடு ஒரு வாரம் என்றால் என் தங்கை இரண்டாம் நாளே ஓடிவிடுவாள் சார். அவளுக்குக் கதைதான் வேண்டும், கதை விளையாட்டு எழுதும் ட்வைன் மென்பொருளில் உட்கார வைத்தேன், எழுந்திருக்கவே இல்லை. பிள்ளையைப் பார்த்துத்தான் முடிவு செய்யணும். மற்றபடி, சின்னதாகத் தொடங்குவது சரி. 2018இல் வந்த செலஸ்ட் என்ற குதித்து மலையேறும் கேம், 2015இல் இரண்டு பேர் நான்கே நாளில் பிகோ-8 என்ற குட்டி கேம்களுக்கான மென்பொருளில் செய்த குட்டி விளையாட்டிலிருந்து வளர்ந்ததுதான்.

ஜம்ப்_வாத்தியார்:
தங்கை விஷயம் நியாயம். அப்படிப்பட்ட பிள்ளைகளிடம் நான் முதலில் கட்டம் போட்ட நோட்டைக் கொடுத்து லெவல் வரையச் சொல்வேன்.

சேலத்து_அம்மா:
கேட்டேன். “சிஸ்டம் ஃபார்மட் பண்ணிட்டோம் மேடம், எல்லாம் போயிடுச்சு” என்றார்கள். பணம் கட்டவில்லை. கோடோவை அவனே இறக்கிவிட்டான், ஆனால் ப்ராஜெக்ட் தொடங்கினால் வல்கன் என்று ஏதோ எரர் வருகிறது.

ஜம்ப்_வாத்தியார்:
வல்கன் என்பது கிராபிக்ஸ் சிப்போடு பேசும் புது முறை. உங்கள் லேப்டாப்பில் இருப்பது பழைய கிராபிக்ஸ், அதனால்தான். புது ப்ராஜெக்ட் போடும்போது ரெண்டரர் என்ற இடத்தில் ‘கம்பேட்டிபிலிட்டி’யைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். டூடி கேமுக்கு அது தாராளம்.