பத்து வருஷ ஸ்கோடா ஒக்ராவியா எஸ்டேட், டீசல், 94,000 மைல்: வாங்கலாமா?

கிடாரம்:
வணக்கம். லண்டன் ஹரோவில இருக்கிறம். வார இறுதியில பிறந்தநாள், அந்தியேட்டி எண்டு சாப்பாட்டு ஓடர் எடுத்துச் செய்யிறம். இப்ப இருக்கிற சின்னக் காருக்குள்ள ரெண்டு கிடாரம் வைச்சா ட்ரே வைக்க இடமில்ல. அதால பின்னுக்கு நீளமா டிக்கி இருக்கிற எஸ்டேட் கார் ஒண்டு தேடுறம். லூட்டனில ஒரு தனியாள் விக்கிறார்.

ஒக்ராவியா எஸ்டேட் 1.6 டிடிஐ, 7 கியர் டிஎஸ்ஜி ஒட்டோமற்றிக், 2015 யூன் பதிவு, மூண்டாவது ஓனர். கேக்கிற விலை 5,200 பவுண்டு. 62,000 மைல் வரைக்கும் டீலர் ஸ்டாம்ப் இருக்கு, பிறகு தனியார் கராஜ் ரசீதுகள். ரைமிங் பெல்ட் மாத்தினதுக்கு ரசீது இல்ல. "டிஎஸ்ஜி ஒயில் 40,000இல மாத்தியாச்சு" எண்டு விளம்பரத்தில போட்டிருக்கு. எம்ஓடி (வருஷா வருஷம் செய்யிற சோதனை) வரலாற்றைப் பாத்தன்: 2023இல முன் ஸ்பிரிங் உடைஞ்சு பெயில், மாத்திப் பாஸ். கடைசி எம்ஓடியில ரெண்டு அட்வைசரி (எச்சரிக்கைக் குறிப்பு), முன் லோவர் ஆர்ம் புஷ், பின் டிஸ்க் துரு.

கிழமை நாளில பள்ளிக்கூடம், கடை, ஒரு பக்கம் 2-3 மைல். சனி ஞாயிறு ஈஸ்ட்ஹாம், குரொய்டன் பக்கம் போய் வருவம். வீட்டில ஓராளுக்கு ஒட்டோமற்றிக் கார் லைசன்ஸ் மட்டும்தான். வாங்கலாமோ? பாக்கப் போனா எதைப் பாக்கிறது?

பழைய ஸ்பானர்:
லூட்டனுக்கு வெளிக்கிட முதல் ரெண்டு நிமிச வேலை ஒண்டு இருக்கு. கார் நம்பரை லண்டன் போக்குவரத்தைப் பாக்கிற டிஎஃப்எல்லின்ர தளத்தில போட்டு, கூடப் புகை விடுற காருக்கு வாற யூலெஸ் கட்டணம் வருமோ எண்டு பாருங்கோ. 2015 நடுப்பகுதி இந்தக் காருக்கு எல்லைக்கோடு. 105 குதிரைவலு 1.6 யூரோ 5 எண்ட பழைய புகைத் தரம், அதுக்குப் பின்னால வந்த 110 யூரோ 6. வெளியில பாக்க ரெண்டும் ஒண்டுதான். புதுக் கார் எல்லாம் யூரோ 6 ஆக இருக்கவேணும் எண்ட கட்டாயம் 2015 செப்டெம்பரிலதான் வந்தது, ஆனபடியால் யூன் பதிவில எதுவும் இருக்கலாம். விளம்பரத்தில "யூலெஸ் ஃப்ரீ" எண்டு போட்டிருந்தாலும் நீங்களே பாருங்கோ. 2023 ஓகஸ்ட் 29இல இருந்து லண்டனின்ர எல்லா பரோவும் வலயத்துக்குள்ள. யூரோ 5 எண்டா ஓடுற ஒவ்வொரு நாளும் 12.50. கிழமையில ஆறு நாள் ஓடினா 75 பவுண்டு. பதினாறு மாசத்தில காரின்ர விலையே போயிடும்.

அடுத்தது உந்த டிஎஸ்ஜி ஒயில் வசனம். 1.6 டிடிஐயில வாறது டிகியூ200 எண்ட கியர்பெட்டி, ரெண்டு உலர் கிளச். அதுக்கு 40,000 மைல் ஒயில் மாற்றம் சர்வீஸ் அட்டவணையிலயே இல்ல. அந்த வேலை 2.0 டிடிஐயில வாற 6 கியருக்கு, கிளச் ஒயிலுக்குள்ள ஓடுற பெட்டிக்கு. விக்கிறவர் வேணுமெண்டு பொய் சொல்லுறார் எண்டில்ல, கேள்விப்பட்டதை எழுதியிருக்கலாம். எண்டாலும் ரசீதைக் கேளுங்கோ. ரசீது இல்லாட்டி விளம்பரத்தில இருக்கிற மற்ற வசனங்களையும் அந்தளவுக்குத்தான் நம்பலாம்.

டிகியூ200இல போறது ரெண்டு. ஒண்டு கிளச். மற்றது மெக்கட்ரோனிக் எண்ட கட்டுப்பாட்டு யூனிற். அதுக்குள்ள அழுத்தத்தைத் தேக்கிவைக்கிற இடத்தில அலுமினிய உடம்பு வெடிக்கும், ஒயில் கசியும், பம்ப் ஓயாம ஓடும், கடைசியில கார் கியருக்கே போகாது. ஸ்கான் பண்ணினா பி17பிஎஃப் எண்ட கோட் வரும். அந்தக் கோட் இருந்தா மேல கதைக்கத் தேவையில்ல, திரும்பி வாங்கோ.

ஓடிப் பாக்கேக்க எஞ்சின் ஆறியிருக்கவேணும். நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ணவேண்டாம் எண்டு முதலே சொல்லி வையுங்கோ, போன உடன பொனற்றில கை வைச்சுப் பாருங்கோ. பிறகு லேசான ஏற்றம் ஒண்டில நிப்பாட்டி, பிரேக்கை விட்டு, அக்சிலரேற்றர் தொடாம ஊர விடுங்கோ. அப்ப உடம்பு அதிர்ந்தா கிளச் தேஞ்சிட்டுது. 1இல இருந்து 2க்கு மாறேக்க அதிர்வு, 3இல இருந்து 2க்கு இறங்கேக்க "டக்" சத்தம், ரிவேர்ஸில போட்டா ஒரு கணம் யோசிக்கிறது, இதெல்லாம் காசு. வெறும் ரோட்டில ஓடினா ஒண்டும் தெரியாது. இருபது நிமிசமாவது ட்ரபிக்கில ஓடி நல்லாச் சூடாக்கி, அந்த ஏற்றத்துக்கே திரும்பி வந்து இன்னொருக்கா செய்து பாருங்கோ.

ரிவர்ஸ் கியர்:
ஸ்பானர் அண்ணன் கியர்பாக்ஸைப் பாத்துட்டார். நான் பெல்ட்டுக்கு வர்றேன். பத்து வருஷம், 94,000 மைல், பெல்ட் மாத்தின ரசீது இல்ல. அப்படின்னா மாத்தலன்னுதான் கணக்கு வைக்கணும். இன்னும் பல ஆயிரம் மைல் தாங்கும்னு விக்கிறவர் சொல்வார். ரப்பருக்கு மைல் மட்டும் கணக்கில்ல, வயசும் உண்டு. இந்த எஞ்சின்ல பெல்ட் அறுந்தா பிஸ்டன் வால்வுல இடிக்கும், அதோட எஞ்சின் முடிஞ்சது.

பெல்ட் மட்டும் மாத்தாதீங்க. டென்ஷனர், ரோலர், வாட்டர் பம்ப் எல்லாம் சேத்து. இந்த எஞ்சினோட வாட்டர் பம்ப்ல ஒரு மூடி இருக்கு. எஞ்சின் சீக்கிரம் சூடாகட்டும்னு இம்பெல்லர் மேல நகர்ந்து தண்ணி ஓட்டத்தை மறைக்கும். அது மூடின நிலையிலேயே சிக்கிக்கிட்டா எஞ்சின் கொதிக்கும். பம்ப்பைச் சுத்துறதும் அதே பெல்ட்தான், அதனால தனியா மாத்தினா ரெண்டு தடவை லேபர். தனியார் கராஜ்ல மொத்தம் 500-லேர்ந்து 700 பவுண்டு வச்சுக்கோங்க.

டெம்பரேச்சர் முள்ளை நம்பி ஏமாறாதீங்க. இந்தக் குடும்பத்து வண்டிகள்ல தண்ணி 75 டிகிரியிலயும் 105 டிகிரியிலயும் முள் 90-லயே நிக்கிற மாதிரிதான் செட் பண்ணிருக்காங்க. ஹைவேயில 90-ஐ விட்டு முள் நகர்ந்தாலே விஷயம் பெரிசு.

ஹீட்டரையும் போட்டுப் பாருங்க. டிரைவர் பக்கமும் பயணி பக்கமும் ஒரே சூடு வரணும். ஒரு பக்கம் வெதுவெதுன்னு வந்தா ஹீட்டர் மேட்ரிக்ஸ் அடைச்சிருக்கும். கூலன்ட் டேங்க்குள்ள சிலிக்கா மணி போட்ட ஒரு பை இருக்கும், அது கிழிஞ்சு மணியெல்லாம் மேட்ரிக்ஸ்ல போய் உக்காந்துக்கும். டேங்க் மூடியைத் திறந்து (எஞ்சின் ஆறின பிறகு மட்டும்) டார்ச் அடிங்க. கூலன்ட் இளஞ்சிவப்பாவோ ஊதாவாவோ தெளிவா இருக்கணும். பழுப்பா, மணலா இருந்தா வேண்டாம்.

எஸ்டேட்டுக்குன்னே உள்ள தொல்லை பின்னாடி தண்ணி. டிக்கி தரையைத் தூக்கி ஸ்டெப்னி குழியைத் தொட்டுப் பாருங்க. பின்கண்ணாடி வாஷர் குழாய் இணைப்பு கழன்றாலும், பின்விளக்கு ரப்பர் போனாலும் தண்ணி அங்கதான் சேரும். மேல பனோரமிக் கண்ணாடி இருந்தா அதோட வடிகால் குழாய் அடைச்சு முன்சீட் கால்வைக்கிற இடம் நனையும், கார்ப்பெட்டுக்கு அடியில கையை விட்டுப் பாருங்க. புஷ், டிஸ்க் எல்லாம் இந்த வயசுக்குச் சாதாரணம், விலையில குறைச்சுக்கலாம். ஸ்பிரிங் உடையுறது இங்க உள்ள குழி ரோட்டோட உபயம்.

லாக்புக்:
காகித விசயம் மட்டும். வி5சி உரிமைப் பத்திரம் இல்ல, பதிவுப் பத்திரம்தான். அதில இருக்கிற விலாசத்தில, விக்கிறவரின்ர வீட்டு வாசலிலயே காரைப் பாருங்கோ. பத்து இருபது பவுண்டு குடுத்து ஃபினான்ஸ் கடன், களவு, கேட்டகரி எஸ் / கேட்டகரி என் (இன்சூரன்ஸ்காரர் கழிச்சுவிட்ட கார்) பாக்கிற ரிப்போர்ட் ஒண்டு எடுங்கோ. தனியாளிட்ட வாங்கினா, டீலரிட்ட வாங்கினாக் கிடைக்கிற 30 நாள் திருப்பிக் குடுக்கிற உரிமை இல்ல. சொன்னமாதிரிக் கார் இருக்கவேணும், அவ்வளவுதான். அதால விளம்பரத்தை ஸ்கிறீன்ஷொட் எடுத்து வையுங்கோ. ரோட் ரக்ஸ் காரோட வராது, நீங்கள் புதுசாக் கட்டவேணும். 2017 ஏப்ரலுக்கு முந்தின பதிவில கிலோமீற்றருக்கு 100 கிராம் கார்பன் டை ஒக்சைட்டுக்கு மேல போகாத கார்களுக்குச் சும்மா இருந்தது, 2025 ஏப்ரலில இருந்து வருஷம் 20 பவுண்டு.

இன்னொண்டு, ஓடருக்குச் சாப்பாடு ஏத்தினா வீட்டுப் பாவனை இன்சூரன்ஸ் காணாது. பிசினஸ் யூஸ் கேட்டு, என்ன ஏத்துறது எண்டதையும் சொல்லி விலை எடுங்கோ.

கிடாரம்:
எல்லாருக்கும் நன்றி. டிஎஃப்எல்லில போட்டன், கட்டணம் இல்ல எண்டு வருது. அப்ப யூரோ 6. ஞாயிறு பாக்கப் போறம். எங்கட ஓட்டத்துக்கு டீசல் சரிவருமோ? கிழமைக்கு ஒருக்கா எம்1 மோட்டர்வேயில ஒரு ஓட்டம் ஓடினாக் காணும் எண்டு தெரிஞ்ச ஒருத்தர் சொன்னார்.

ரிவர்ஸ் கியர்:
ஓரளவு காணும். டீசல் புகைக் கரியைப் பிடிக்கிற டிபிஎஃப் ஃபில்டர், சேர்ந்த கரியைத் தானே எரிச்சுக்க, சூடான எஞ்சின், மணிக்கு 40 மைலுக்கு மேல சீரான வேகம், 2,000 ஆர்பிஎம் பக்கம், ஒரு இருபது நிமிஷம் போதும். வாரா வாரம் அது கிடைச்சா ஓட்டலாம்.

பழைய ஸ்பானர்:
இதில நான் ஒத்துவரேல்ல. ரீஜென் (அந்தக் கரி எரிப்பு) எப்ப துவங்கிறது எண்டதை நீங்கள் முடிவெடுக்கிறேல்ல, கார்தான் முடிவெடுக்கும். சூட் எண்ட கரி ஒரு அளவு சேர்ந்த உடன துவங்கும். கிழமை முழுக்க 2-3 மைல் ஓடினா அது சனிக்கிழமை வரைக்கும் பாத்துக்கொண்டிருக்காது. செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூட வாசலில துவங்கும், நீங்கள் நிப்பாட்டுவியள், பாதியில நிக்கும். புதன் திருப்பித் துவங்கும். ஒவ்வொருக்காவும் டிபிஎஃப்பைச் சூடாக்க சிலிண்டருக்குள்ள மேலதிகமா டீசல் அடிக்குது. எரியாத டீசல் சிலிண்டர் சுவரில வழிஞ்சு, எஞ்சின் ஒயில் தேங்கிற சம்புக்குள்ள இறங்கும். ஒயில் மட்டம் ஏறும், ஒயில் தண்ணி மாதிரி ஐதாகும், ரேர்போ பெயரிங் தேயும். எம்1 ஓட்டம் கரியைக் குறைக்கும், ஒயிலுக்குள்ள போன டீசலை முழுக்க எடுக்காது. அதோட ஹரோ–ஈஸ்ட்ஹாம் எண்டா நோர்த் சேர்குலர் ரோட். சனி மத்தியானம் அங்க எங்க 40 மைல்?

காரில பிழையில்ல. ஒவ்வொரு நாளும் மில்ரன் கீன்ஸ் போய் வாற ஆளுக்கு இது அருமையான கார். பிள்ளையைப் பள்ளிக்கூடம் விடுறதுக்கு இல்ல.

எண்டாலும் போய்ப் பாக்கிறதெண்டா ஓபிடி லெவன் இல்லாட்டி விசிடிஎஸ் ஸ்கானர் இருக்கிற ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. மூண்டு விசயம் வாசியுங்கோ: கடைசி ரீஜெனுக்குப் பிறகு ஓடின தூரம், அதுக்குள்ள சேர்ந்த சூட், மொத்தச் சாம்பல். சூட் எரியும், சாம்பல் எரியாது, சாம்பல் நிரம்பினா ஃபில்ரர் மாத்தத்தான் வேணும். பிறகு சமதரையில நிப்பாட்டி டிப்ஸ்ரிக்கை இழுங்கோ. மக்ஸ் கோட்டுக்கு மேல ஒயில் நிண்டு டீசல் மணம் அடிச்சா, நான் மேல சொன்னது அந்தக் காரில ஏற்கனவே நடந்திருக்கு. சைலென்ஸர் வாய்க்குள்ள வெள்ளை ரிசு (துடைக்கிற கடதாசி) விட்டுத் துடையுங்கோ. டிபிஎஃப் நல்லா இருந்தா ரிசு கிட்டத்தட்டச் சுத்தமா வரும். கரி அப்பினா ஃபில்ரர் வெடிச்சிருக்கு, இல்லாட்டி ஆரோ கழட்டி உள்ளுக்கு வெறுமையாக்கியிருக்கினம். கழட்டின காருக்கு எம்ஓடி கிடையாது.

கிடாரம்:
போய் வந்தம். போகேக்க பொனற் சூடு. "இப்பதான் நகர்த்தி வைச்சன்" எண்டார். ஏற்றத்தில அதிர்வு பெரிசா இல்ல, பி17பிஎஃப் இல்ல. ரிசு சுத்தம். ஸ்டெப்னி குழி காய்ஞ்சிருக்கு. ஆனா நிப்பாட்டின பிறகும் ஃபான் கனநேரம் ஓடினது. கடைசி ரீஜெனுக்குப் பிறகு 60 கிமீ, சூட் 18 கிராம். ஒயில் மக்ஸுக்கு மேல அரை விரல். மணம் எனக்குப் பிடிபடேல்ல, கூட வந்தவர் டீசல் எண்டார். டிஎஸ்ஜி ஒயில் ரசீது இல்ல. 4,500க்குத் தாறன் எண்டு அவரே இறங்கினார்.

பழைய ஸ்பானர்:
60 கிமீக்குள்ள 18 கிராம் சும்மா சேராது, வழமையா சில நூறு கிமீ ஓடவேணும். போன ரீஜென் முடியாம நிண்டிருக்கு. நீங்கள் பாக்க முதல் அவர் எஞ்சினைச் சூடாக்கினதும், ஃபான் ஓடினதும் இன்னொண்டு துவங்கிப் பாதியில நிண்டதின்ர அடையாளம். இப்ப இருக்கிற ஓனரும் உங்களை மாதிரித்தான் கிட்டக்கிட்ட ஓடுறார் போல. 4,500 எண்டாலும் பெல்ட், பம்ப், புஷ், டிஸ்க், ஒயில் எண்டு கிட்டத்தட்ட ஆயிரம் உடன போகும். அதுக்குப் பிறகு டிபிஎஃப் கேள்வி அப்பிடியே இருக்கும். விடுங்கோ.

ரிவர்ஸ் கியர்:
இந்த நம்பரைப் பாத்தா நானும் அண்ணன் பக்கம்தான். இதே வண்டியில 1.4 டிஎஸ்ஐ பெட்ரோல் உங்க ஓட்டத்துக்குச் சரியா வரும். ஆனா ஆட்டோன்னா அதுக்கும் அதே டிகியூ200தான். ஆட்டோ லைசன்ஸ் கட்டாயம்னா டொயோட்டா ஆரிஸ் டூரிங் ஸ்போர்ட்ஸ் ஹைபிரிட் பாருங்க. கிளச் கிடையாது, டிபிஎஃப் கிடையாது, டைமிங் செயின். பெட்ரோல்ங்கிறதால யூலெஸ்ஸும் தொல்லையில்ல. டிக்கி 530 லிட்டர், ஒக்டாவியா 610. அந்த 80 லிட்டர் உங்களுக்குப் பெரிசா தெரியலாம், அதனால கிடாரத்தோட வெளிவிட்டம், மூடியோட உயரம் ரெண்டையும் அளந்துக்கிட்டுப் போங்க. லிட்டர் கணக்கைவிட ரெண்டு வீல் ஆர்ச்சுக்கும் நடுவுல உள்ள அகலம்தான் முக்கியம்.

கிடாரம்:
ஆரிஸில எதைப் பாக்கிறது?

பழைய ஸ்பானர்:
முதல் காருக்கடியில குனிஞ்சு கற்றலிற்றிக் (புகையைச் சுத்தமாக்கிற பாகம்) இருக்கோ எண்டு பாருங்கோ, உந்தக் காருகளில கள்ளர் அதை வெட்டிக்கொண்டு போறது கூட. காப்புத் தகடு பூட்டின கார் கிடைச்சா நல்லம். ஹைபிரிட் பற்றரி பின்சீற்றுக்குக் கீழ. சீற்றுப் பக்கத்தில காத்து இழுக்கிற துவாரம் இருக்கு, அதின்ர ஃபில்ரர் தூசி அடைஞ்சா பற்றரி சூடாகிச் சாகும். நீங்கள் வாங்கினாப் பிறகும் அந்தத் துவாரத்தை மறைச்சு மா மூட்டையோ ட்ரேயோ வைக்கவேண்டாம். ரொயோட்டா டீலரிட்ட ஹைபிரிட் ஹெல்த் செக் செய்த ரசீதைக் கேளுங்கோ. வருஷா வருஷம் செய்தா பற்றரிக்கு மட்டும் 15 வருஷம் வரை காப்பு நீட்டலாம்.

ஆறின எஞ்சினைத் துவக்கேக்க சில விநாடி கடகட எண்டு குலுங்கினா விட்டிட்டு வாங்கோ. ஈஜிஆர் (புகையைத் திருப்பி எஞ்சினுக்குள்ள விடுற வழி) கரி அடைஞ்சு, ஹெட் கஸ்கற் போய், சிலிண்டருக்குள்ள கூலன்ற் இறங்கிற சத்தம் அது. பவுண்டு எப்பிடிக் குறைச்சுத் தந்தாலும் அதை வாங்கவேண்டாம். ஹைபிரிட் எண்டா எஞ்சின் உடன ஓடாது, "ரெடி" விளக்கு மட்டும் வரும். ஹீற்றரை உச்சத்தில போட்டு விடுங்கோ, எஞ்சின் தானாத் துவங்கும், அப்ப கேளுங்கோ.