விண்டோஸ் 11 ஐஎஸ்ஓ 74 பர்சன்ட்லயே நின்னுடுது, ரூஃபஸ்ல டவுன்லோட் பட்டனும் காணோம்

மொட்டமாடி:
எல்லாருக்கும் வணக்கம். அக்கா லேப்டாப்ல விண்டோஸ் 10 இருக்கு, 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுதுன்னு ஸ்கிரீன்ல மெசேஜ் வந்ததுல இருந்து தெனமும் எனக்கு போன் போட்டு என்னடா ஆச்சு என்னடா ஆச்சுன்னு கேக்குறாங்க. ஐ5 எட்டாவது ஜென், டிபிஎம் (11 கேக்குற செக்யூரிட்டி சிப்) எல்லாம் இருக்கு, அதனால 11 போடுறதுல பிரச்சனை இல்ல. ஐஎஸ்ஓ, அதாவது விண்டோஸ் இன்ஸ்டால் பண்ற முழு ஃபைல், அத இறக்குறதுலதான் உயிர் போகுது. மைக்ரோசாஃப்ட் சைட்ல இருந்து குரோம்ல டவுன்லோட் போட்டா 5.4 ஜிபின்னு காட்டும், ஜம்முனு போயிட்டு இருக்கும், 74 கிட்ட வந்ததும் ஃபெயில்டு. ரெஸ்யூம் குடுத்தாலும் அசையல. இதோட மூணு தடவை. என் போன் ஹாட்ஸ்பாட்ல ஒரு நாளைக்கு 2 ஜிபிதான், அதனால பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட வைஃபை பாஸ்வேர்ட் கேட்டு வாங்கிப் போட்டேன், 12 ஜிபி தண்டம், இப்ப அவர் மூஞ்சியப் பாக்கவே ஒரு மாதிரி இருக்கு. பென்டிரைவ்ல விண்டோஸ் ஏத்தித் தர்ற ரூஃபஸ் சாஃப்ட்வேர்லயே நேரா இறக்கிக்கலாம்னு எங்கயோ படிச்சேன், ஆனா என்கிட்ட இருக்குற ரூஃபஸ்ல செலக்ட் பட்டன் மட்டும்தான் இருக்கு. பழைய வெர்ஷனா இருக்குமோ?

கடலைமிட்டாய்:
வெர்ஷன் காரணம் இல்ல ப்ரோ, 2019ல வந்த 3.5லயே அந்த வசதி இருக்கு. முதல் தடவ ரூஃபஸ் திறக்கும்போது அப்டேட் பாத்துக்கவான்னு ஒரு கேள்வி கேக்கும், நம்மாளுங்க எல்லாம் படிக்காமலே நோ குடுத்துடுவோம். நோ குடுத்தா டவுன்லோடும் சேர்ந்து மறைஞ்சுடும், ஏன்னா இறக்குற வேலைய செய்யுறது ஃபிடோன்னு ஒரு தனி பவர்ஷெல் ஸ்கிரிப்ட், அது நெட்ல இருந்துதான் வரணும். கீழ வரிசையா இருக்குற சின்ன ஐகான்ல செட்டிங்ஸ் போய் அப்டேட் செக்க டெய்லின்னு மாத்திட்டு ரூஃபஸ மூடித் திறங்க. செலக்ட் பட்டன் ஓரத்துல சின்னதா ஒரு அம்புக்குறி வரும், அத அமுக்கினா டவுன்லோட். அப்புறம் 10ஆ 11ஆ, எந்த ரிலீஸ், ஹோமா ப்ரோவா, என்ன மொழி, எத்தன பிட்டுன்னு ஒண்ணொண்ணா கேக்கும், சொல்லிட்டுப் போனா போதும். ஃபைல் வர்றது மைக்ரோசாஃப்ட் சர்வர்ல இருந்தேதான், அதனால பயம் வேணாம். விபிஎன் போட்டிருந்தா அணைச்சுடுங்க, இல்லன்னா 715ன்னு ஆரம்பிக்குற ஒரு எர்ரர் காட்டி வெளிய தள்ளிடும், நான் அரை நாள் அதுல மண்டைய உடைச்சிருக்கேன்.

லினக்ஸ்_தம்பி:
விண்டோஸ்ல இருக்குற வரைக்கும் இப்படித்தான் அண்ணே :) சும்மா சொன்னேன். எங்க பக்கம் குவிக்கெட்னு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் இருக்கு, வர்ச்சுவல் மெஷின் ஓட்டுற குவிக்எமு கூட வரும், டெர்மினல்ல குவிக்கெட்னு அடிச்சு பக்கத்துல உபுண்டு 24.04ன்னு சொன்னா அதுவே லிங்க் தேடி இறக்கி ஹேஷும் (ஃபைல் மாறாம வந்திருக்கான்னு சொல்ற கைரேகை மாதிரி ஒண்ணு) பாத்து வச்சுடும், விண்டோஸ் 11 கேட்டாலும் எடுத்துக் குடுக்கும். லிங்க் கைல இருந்தா டபிள்யூகெட்ங்குற டவுன்லோட் கமாண்ட்ல ஹைஃபன் சி போடுங்க, விட்ட எடத்துல இருந்தே பிடிக்கும். மைக்ரோசாஃப்ட் லிங்க் மட்டும் 24 மணி நேரத்துல செத்துடும், தெனம் 2 ஜிபியா மூணு நாள் இறக்குற கதை அங்க நடக்காது.

மொட்டமாடி:
கடலைமிட்டாய் ப்ரோ கோடி நன்றி, அம்புக்குறி வந்துடுச்சு!! ராத்திரி 11 மணிக்கு மேல போட்டேன், யாரும் வைஃபை யூஸ் பண்ண மாட்டாங்கன்னு. ஆனா கேளுங்க, இதுவும் அதே 74. அழுகையே வந்துடுச்சு. நெட் கட்டே ஆகல, பக்கத்துல யூடியூப் ஓடிட்டுதான் இருந்துச்சு. ரவுட்டர் பிரச்சனையா?

கணக்குப்பிள்ளை:
நெட் பிரச்சனைன்னா ஒரு தடவ 30ல நிக்கும், ஒரு தடவ 90ல நிக்கும். நாலு தடவையும் ஒரே எடத்துல நிக்குதுன்னா அங்க ஏதோ சுவர் இருக்குன்னு அர்த்தம். 5.4ல 74 பர்சன்ட் எவ்வளவுன்னு போட்டுப் பாருங்க, 4 ஜிபி வரும். ஃபைல எங்க சேவ் பண்றீங்க தம்பி? பென்டிரைவ்லயா?

மொட்டமாடி:
ஆமாண்ணே... சி டிரைவ்ல 3 ஜிபிதான் காலி, அதனால புது 16 ஜிபி பென்டிரைவ்ல நேரா சேவ் பண்ணேன். அதுல எடம் நிறைய இருக்கேண்ணே?

கணக்குப்பிள்ளை:
எடம் இருக்கும், ஆனா ஒரே ஃபைலா 4 ஜிபிக்கு மேல வைக்க முடியாது. சின்ன பென்டிரைவ் எல்லாம் கடையில வாங்கும்போதே ஃபேட்32ங்குற பழைய முறையில ஃபார்மட் ஆகித்தான் வரும், அதுல ஃபைல் அளவ எழுதி வைக்க 32 பிட்டுதான் ஒதுக்கியிருக்கான், அதனால 4294967295 பைட்டோட கதை முடிஞ்சுது. 1 ஜிபி படமா ஆயிரம் போட்டாலும் பிரச்சனை வராது, (பெரிய டிரைவா இருக்கணும், அது வேற விஷயம்) ஒரு 5.4 ஜிபி ஃபைல் உள்ள போகாது. பாவம் குரோமையும் ரூஃபஸையும் ரவுட்டரையும் திட்டிட்டு இருந்தோம்.

இன்னொண்ணு, இப்ப அவசரப்பட்டு இதையே பெரிய ஃபைல் தாங்குற என்டிஎஃப்எஸ் முறைக்கு மாத்தி ஐஎஸ்ஓவ இறக்கினாலும் புண்ணியம் இல்ல. பூட்டபிள் (கம்ப்யூட்டர் அதுல இருந்தே ஸ்டார்ட் ஆகுற மாதிரி) பண்ணும்போது ரூஃபஸ் அந்த பென்டிரைவ முழுசா அழிச்சுட்டுத்தான் எழுதும், நெல்லு மூட்டை மேல உக்காந்துக்கிட்டு அதே மூட்டையத் தூக்குற மாதிரிதான். ஐஎஸ்ஓ வேற எடத்துல இருக்கணும். எக்ஸ்டர்னல் ஹார்ட்டிஸ்க் ஏதாவது இருக்கா?

மொட்டமாடி:
இருக்குண்ணே, அக்கா கல்யாண வீடியோ இருக்குற ஹார்ட்டிஸ்க், என்டிஎஃப்எஸ்னு காட்டுது. ஆனா அதுல ஏதாவது ஆச்சுன்னா என்ன வீட்டுக்குள்ள விடமாட்டாங்க.

கணக்குப்பிள்ளை:
இறக்குறதால ஒண்ணும் ஆகாது. பயப்பட வேண்டிய எடம் ரூஃபஸ்ல ஸ்டார்ட் குடுக்குற எடம். சாதாரணமா ரூஃபஸ் யூஎஸ்பி ஹார்ட்டிஸ்க லிஸ்ட்லயே காட்டாது, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ல அதைக் காட்டச் சொல்லி ஒரு டிக் இருக்கும், அந்தப் பக்கமே போகாதீங்க. மேல டிவைஸ்ல 16 ஜிபி பென்டிரைவ் பேரு இருக்கான்னு ரெண்டு தடவ வாய் விட்டுப் படிச்சுட்டு அப்புறம் ஸ்டார்ட்.

லினக்ஸ்_தம்பி:
கணக்குப்பிள்ளை அண்ணே செம. இறக்கினதும் ஹேஷ் பாக்காம விடாதீங்க மொட்டமாடி, செலக்ட் பக்கத்துல இருக்குற டிக் மார்க் பட்டன அமுக்கினா எஸ்எச்ஏ256ங்குற ஹேஷ் வரும், மைக்ரோசாஃப்ட் டவுன்லோட் பேஜ்ல போட்டிருக்குறதோட ஒத்துப் பாருங்க. எங்காளுங்களே 2016 பிப்ரவரில அடி வாங்கியிருக்காங்க, லினக்ஸ் மின்ட் சைட்ட ஹேக் பண்ணி 17.3 சின்னமன் லிங்க்க பேக்டோர் (திருட்டு வழி) வச்ச ஐஎஸ்ஓவுக்கு திருப்பி விட்டுட்டானுங்க. ஐஎஸ்ஓ ஒரு எடத்துல, ஹேஷ் வேற எடத்துலன்னு பாத்தா இன்னும் நல்லது.

கடலைமிட்டாய்:
நானும் எங்க சேவ் பண்றீங்கன்னு கேக்காம விட்டுட்டேன் பாருங்க, 4 ஜிபி தண்டத்துல எனக்கும் பங்கு இருக்கு. இந்தத் தடவ பாதியில நிக்குமோன்னு பயமா இருந்தா ரூஃபஸ்ல டவுன்லோட் பண்றப்ப பிரவுசர்ல இறக்குன்னு ஒரு டிக் இருக்கும், அதப் போட்டா லிங்க் பிரவுசருக்கு வந்துடும், அத காப்பி பண்ணி டவுன்லோட் மேனேஜர்ல குடுத்துக்கலாம்.

மொட்டமாடி:
முடிஞ்சுது!! 74 தாண்டும்போது கைய கட்டிக்கிட்டு ஸ்கிரீனையே பாத்துட்டு இருந்தேன், 75 வந்ததும் கத்திட்டேன், அம்மா எந்திரிச்சு வந்துட்டாங்க. ஹேஷ் முதல் எட்டு எழுத்தும் கடைசி எட்டு எழுத்தும் பாத்தேன், சரியா இருக்கு, முழுசாப் பாக்கணுமா? பென்டிரைவ் ரெடி. அக்கா லேப்டாப் எச்பி, பூட் மெனுக்கு எஃப்12 அமுக்கினா ஒண்ணும் வரல.

கணக்குப்பிள்ளை:
எச்பிக்கு எஃப்9. பவர் பட்டன அமுக்கினதுல இருந்து தட்டிக்கிட்டே இருங்க. அதுக்கு முன்னாடி அக்காவோட ஃபைல் எல்லாம் வேற எடத்துல காப்பி பண்ணியாச்சா?

மொட்டமாடி:
ஐயோ. இருங்க வர்றேன்.