வருடம் தேய்ந்துபோன அமெரிக்கச் செப்புக் காசு: 1804 தானா? தரம் என்ன? உதவி தேவை

பென்சில்வேனியாவாசி:
வணக்கம். போன சனிக்கிழமை இங்கே ஒரு பழம்பொருள் சந்தையில் 40 டாலர் கொடுத்து ஒரு பெரிய செப்பு சென்ட் வாங்கினேன். தேய்ந்து தேய்ந்து கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருக்கிறது. குறுக்களவு 29 மில்லிமீட்டர், எடை 9.9 கிராம். விளிம்பில் எழுத்து எதுவும் இல்லை. ஒரு பக்கம் வலப்புறம் பார்க்கும் பெண்ணின் தலை, நிழல் போலத்தான் தெரிகிறது. மறுபக்கம் இலை வளையம், அதன் அடியில் ஏதோ பின்னம். வருடத்தில் 1, 8, 0 வரை ஒருவாறு படிக்க முடிகிறது, கடைசி எண் இல்லவே இல்லை. விற்றவர் "1804 ஆகவும் இருக்கலாம்" என்றார், அது அரிதான வருடமாம். அன்றிலிருந்து தூக்கம் இல்லை.

மூன்று கேள்விகள். வருடத்தை எப்படி உறுதி செய்வது? இந்த அளவு தேய்ந்ததற்குத் தரம் என்று ஒன்று உண்டா? வளையத்தின் அருகே கடுகளவு பச்சைக் களிம்பு இருக்கிறது, அதை என்ன செய்வது? ஊரில் அம்மாவிடம் கேட்டேன், "புளி போட்டுத் தேய், குத்துவிளக்கு மாதிரி ஆகிவிடும்" என்கிறார்.

வெண்கலமணி:
அம்மா சொல்வது சரிதானே? எங்கள் வீட்டுச் செம்புக் குடம் புளியில்தான் பளபளக்கிறது.

செப்புச்சல்லி:
ஐயோ, புளி வேண்டவே வேண்டாம்! குடம் தண்ணீர் எடுக்க. அதன் பளபளப்பு போனால் மறுவாரம் திரும்பத் தேய்த்துக்கொள்ளலாம். காசின் மேல் இருக்கும் பழுப்பு இருநூறு வருடம் கைபட்டு, காற்றுப்பட்டு வந்தது. புளியின் அமிலம் அதைச் சில நிமிடத்தில் தின்றுவிடும். கீழே பச்சை இறைச்சி மாதிரி ஒரு இளஞ்சிவப்பு வரும், அதற்குப் பிறகு எந்தச் செப்புக் காசுக்காரரும் கையில் எடுக்கமாட்டார். எலுமிச்சை, வினிகர், பல்பொடி, விபூதி எல்லாம் அதே கணக்குதான்.

தம்பி, நல்லவேளை தேய்க்கும் முன் கேட்டீர்கள். முதலில் வகையைப் பார்ப்போம். பெரிய சென்ட்கள் 1793 முதல் 1857 வரை அடிக்கப்பட்டவை. 1808இல் வந்த வடிவத்திலிருந்து தலை இடப்புறம் திரும்பிவிடும், மறுபக்கத்து 1/100 என்ற பின்னமும் போய்விடும். உங்களுடையதில் தலை வலப்புறம், பின்னமும் இருக்கிறது. அப்படியானால் 1807 அல்லது அதற்கு முந்தையது. தொடக்க காலத்தில் எடை 13.48 கிராம், விளிம்பில் எழுத்தும் உண்டு. 1795இன் பிற்பகுதியில் எடையை 10.89 ஆகக் குறைத்தார்கள், காசு மெலிந்ததால் விளிம்பு எழுத்தையும் விட்டார்கள். 9.9 கிராம் என்றால் தேய்மானம் போக அந்தக் கணக்குக்குச் சரியாக வருகிறது. 180 என்று படிக்க முடிவதால், 1796 முதல் 1807 வரை ஓடிய, தோளில் துணி போர்த்திய பெண் வகை. இதில் சந்தேகம் வேண்டாம்.

1804க்கு ஒரு சோதனை சொல்கிறேன். அந்த வருடக் காசுகள் எல்லாமே ஒரே ஒரு ஜோடி அச்சில் அடித்தவை. வருடத்தில் உள்ள பூஜ்யத்துக்கு நேர் பின்னால், மறுபக்கத்து நாட்டுப் பெயரில் வரும் ‘ஆஃப்’ (OF) என்ற சொல்லின் ஓ எழுத்து இருக்க வேண்டும். அந்த இடத்தில் இல்லை என்றால் அது 1804 இல்லை, யார் என்ன சொன்னாலும் இல்லை. அச்சு உடையத் தொடங்கிய பிறகு அடித்தவற்றில் பெண் தலைக்கு மேல் உள்ள ‘லிபர்ட்டி’ என்ற சொல்லின் கடைசி மூன்று எழுத்துகளுக்கு மேல் விளிம்போடு ஒரு மேடு இருக்கும். தேய்ந்த காசிலும் அது தப்பிப் பிழைக்கும்.

பென்சில்வேனியாவாசி:
பார்த்துவிட்டேன் அண்ணா. பூஜ்யத்துக்குப் பின்னால் ஓ இல்லை, நன்றாகவே தள்ளி இருக்கிறது. மேடும் இல்லை. கொஞ்சம் வருத்தம்தான். சரி, அப்படியானால் கடைசி எண் என்ன?

தேய்ந்தகாசு:
வருத்தம் வேண்டாம், கடைசி எண்ணைத் தேடுவதில்தான் சுகமே. நான் செய்வது இது. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, காசை மேசையில் படுக்க வைத்து, சிறிய டார்ச்சை மேசைக்குச் சமமாகப் பிடியுங்கள். வெளிச்சம் காசின் முகத்தை உரசிக்கொண்டு போக வேண்டும். டார்ச்சை அசைக்காமல் காசைத் துளித்துளியாகத் திருப்புங்கள். ஏதோ ஒரு கோணத்தில் எண்ணின் நிழல் ஒரு நொடி எழும்பி மறையும். உச்சியில் தெரிவதை நம்பாதீர்கள், எண்ணின் அடிப்பகுதியைப் பாருங்கள். 2க்கு அடி தட்டை, 3க்கு உருண்டை. ஒரே படத்தை நம்பாமல் எட்டுத் திசையிலும் படம் எடுத்து, நிறத்தை நீக்கிக் கருப்புவெள்ளையில் பாருங்கள்.

தரம் பற்றி. 1949இல் வில்லியம் ஷெல்டன் என்ற காசு ஆய்வாளர் 1 முதல் 70 வரையிலான அளவுகோலை வகுத்தது இந்தச் சென்ட்களுக்காகத்தான். அடிமட்டக் காசு ஒரு டாலர் என்றால் குறையே இல்லாதது 70 டாலர் என்ற அன்றைய விலைக் கணக்கு. இன்று மற்றக் காசுகளுக்கும் அதே எண்களைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். 1 என்றால் பூவர்: இன்ன வகை என்று சொல்ல முடிந்தால் போதும். 2 ஃபேர். 3இல் விளிம்பு எழுத்துகளுக்குள் தேய்ந்திருக்கும், ஆனால் வருடம் தெரியும். 4, அதாவது ‘குட்’ என்றால் வருடமும் எழுத்துகளும் தடையில்லாமல் படிக்க வர வேண்டும்.

செப்புக் காசுக்காரர்கள் தேய்மானத்தையும் சேதத்தையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். முதலில் எழுத்து எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று ஒரு எண், பிறகு களிம்பு, அரிப்பு, கீறலுக்குக் கழித்து இன்னொரு எண். மேற்பரப்புக்குச் சாய்ஸ் (நல்லது), ஆவரேஜ் (சராசரி), ஸ்கட்ஸி (மோசம்) என்று மூன்று பெயரும் வைத்திருக்கிறார்கள். கையிலும் பையிலும் புழங்கித் தேய்ந்து, அரிப்பில்லாமல் வழவழப்பாக இருக்கும் காசை நான் எப்போதும் மேலே வைப்பேன். மண்ணில் கிடந்து குழி விழுந்தது அதைவிட நன்றாகப் படிக்க வந்தாலும் என் மனம் ஒப்பாது. 1 எண் தரத்தை மட்டுமே தேடிச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு உங்கள் காசின் வழவழப்புதான் அழகு.

செப்புச்சல்லி:
பச்சைப் புள்ளிக்கு: ஒரு சொட்டு மினரல் ஆயில் வைத்துச் சில நாள் விடுங்கள். இளகிய பிறகு ரோஜா முள்ளால் பொறுமையாக நெம்புங்கள். முள் செம்பைவிட மென்மை, கீறாது. ஊசி கூடாது. பிறகு சுத்தமான அசிட்டோனில் முக்கி எண்ணெயை எடுங்கள், நகப்பூச்சு நீக்கி வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள். புள்ளியின் கீழே குழி இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். அப்புறம், பிவிசி பிளாஸ்டிக் உறையில் வைக்காதீர்கள், களிம்பு கூடும். பருத்தி உள்உறை, அதற்கு வெளியே காகித உறை.

பென்சில்வேனியாவாசி (நான்கு நாள் கழித்து):
நேற்று இரவு பதினொரு மணிக்குத் தெரிந்தது! டார்ச் இடப்பக்கம் இருந்தபோது அடியில் உருண்டையான, இடப்புறம் திறந்த ஒரு வளைவு, அதற்கு மேல் அதே மாதிரி இன்னொரு சிறு வளைவு. ஆறு படங்களில் நான்கில் அதே வளைவுகள். 1803. பச்சையும் முள்ளிலேயே வந்துவிட்டது, கீழே குழி இல்லை.

தேய்ந்தகாசு:
அருமை! 1803க்கு ஷெல்டன் பட்டியலில் 243 முதல் 265 வரை எண்ணிட்ட அச்சு வகைகள் உண்டு. பின்னத்தில் ஏதாவது மிஞ்சியிருந்தால் அதன் படம் ஒன்று போடுங்கள், அங்கிருந்து தொடங்குவோம். தரத்துக்கு என் கணக்கு 2.

செப்புச்சல்லி:
நானும் 2 என்றுதான் சொல்வேன். மேற்பரப்பு சாய்ஸ்.