எதிர்பார்க்காமல் போய்ப் பார்த்து நல்லா இருந்த படங்கள்: எது, ஏன்?

ஹம்டன்_லேன்

பெரிய நட்சத்திரம் இல்லை, டிரெய்லரைப் பார்த்தா போக மனம் வராது, ஆனா படம் முடிஞ்சு லைட் போடேக்க "அட, நல்லா எடுத்து வச்சிருக்கிறாங்களே" எண்டு சொல்ல வைக்கிற தமிழ்ப் படங்களின்ர பேர் வேணும். எல்லாரும் எல்லா இடத்திலயும் சொல்லுற பழைய படங்கள் வேண்டாம். கடந்த பத்துப் பன்னிரண்டு வருசத்துக்குள்ள வந்ததா இருந்தா நல்லது.

பார்க்கப்போற ஆக்கள்: ரத்தத்தைக் கண்டா எழும்பிப் போற அம்மா, பதினொரு வயசுப் பிள்ளை, தமிழ் அரைகுறையா விளங்கிற சிங்கள மருமகள். அதால பேரை மட்டும் சொல்லாமல், ஏன் நல்லா வந்தது, ஆருக்குச் சரிவராது எண்டதையும் எழுதுங்கோ. "செம படம், மிஸ் பண்ணாதீங்க" எண்ட பதில் முகநூலில நிறையக் கிடக்கு.

இன்னொண்டு. இப்பிடியான படங்கள் கொழும்பில ஒரு நாளைக்கு ஒரு காட்சிதான் ஓடும். நல்லா இருக்காம் எண்டு காதில விழேக்க தூக்கிப் போடுவாங்கள். முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி இருக்கோ?


வெட்டு_மேசை

நீங்க சொன்ன மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே படம் என்றால் டூரிஸ்ட் ஃபேமிலி (2025). அபிஷன் ஜீவிந்த்துக்கு அது முதல் படம். மே 1, சூர்யாவின் ரெட்ரோ வந்த அதே நாளில் வந்தது. பேச்செல்லாம் ரெட்ரோ பற்றித்தான். இங்கே எதிர்பார்ப்புக் குறைந்ததற்கு வேறு காரணமும் உண்டு. தெனாலி (2000) காலத்திலிருந்து சென்னைப் படத்தில் நம்முடைய இலங்கைத் தமிழ்ப் பேச்சு வந்தால் ஒன்று சிரிப்புக்கு, இல்லையென்றால் அழுகைக்கு. இந்தப் படத்தில் பேச்சுதான் கதையின் முடிச்சே. பொருளாதார நெருக்கடியில் படகேறி ராமேஸ்வரம் போன குடும்பம், சென்னையில் வாடகை வீட்டில், வாயைத் திறந்தால் பிடிபடுவோம் என்ற நிலையில் இருக்கிறது. அதனால் சசிகுமாரோ சிம்ரனோ ஒரு சொல்லில் சறுக்கினாலும் காது பொறுத்துக்கொள்கிறது. பேச்சை மறைக்கப் பார்க்கிற ஆட்கள்தானே. குறையும் சொல்ல வேண்டும்: அந்தத் தெருவில் கெட்டவர் என்று யாருமே இல்லை, கடைசி அரை மணிநேரம் இனிப்புக் கூடிவிட்டது. அம்மாவுக்கு அது குறையாகத் தெரியாது.

அடுத்தது குட் நைட் (2023). கதாநாயகனுக்குக் குறட்டை. அவ்வளவுதான் கதை. ஒரு வரியில் கேட்டால் பத்து நிமிட நகைச்சுவைத் துணுக்கு மாதிரித்தான் இருக்கும், டிரெய்லரும் அப்படித்தான் காட்டியது. படம் தாங்கியதற்குக் காரணம், குறட்டை வேலையிடத்தில் ஒரு அவமானம், கல்யாணத்துக்குப் பிறகு வேறொரு அவமானம் என்று இடம் மாறிக்கொண்டே போகிறது, ஆனால் சிக்கல் மாறுவதில்லை. இடைவேளைக்குப் பிறகு புதிதாக ஒரு வில்லனையோ நோயையோ கொண்டுவந்து ஒட்டவில்லை. தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் உடையும் இடம் இதுதான்: முதல் பாதியில் ஒரு கேள்வி, இரண்டாம் பாதியில் வேறு கேள்விக்குப் பதில்.

பார்க்கிங் (2023) அதே வகைதான், ஆனால் கசப்பு. ஒரே வீட்டில் மேல் கீழ் என்று இரண்டு வாடகைக் குடும்பம், ஒரு கார் நிற்கிற இடம். ஹரிஷ் கல்யாணும் எம்.எஸ்.பாஸ்கரும் அதற்காகப் படிப்படியாகக் கீழே இறங்குகிறார்கள். சிறந்த தமிழ்ப் படம், திரைக்கதை, துணை நடிகர் என்று 71ஆவது தேசிய விருதில் பரிசும் கிடைத்தது. பாஸ்கர் புதுக் காரை வாசலில் கொண்டுவந்து விடுகிற வரைக்கும் பார்வையாளர் யார் பக்கம் என்று தெளிவாக இருப்பார். அதற்குப் பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற வேண்டியிருக்கும். மாடியில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி இருக்கும்போது கீழே சண்டை நடக்கிறது, அம்மா பதறுவார். பிள்ளைக்கும் பெரிதாகப் பிடிக்காது. மருமகளோடு தனியாகப் பார்க்கலாம்.


கடைசி_வரிசை

வெட்டு மேசை அண்ணை சொன்னதில பாதிக்கு மேல சரி. ஆனா சின்னச் சிக்கல், கடைசி மட்டும் அதே சிக்கல் எண்ட அளவுகோலை வச்சா 96 (2018) எங்க நிக்கும்? அதில சிக்கலே இல்லை. பள்ளிக்கூடத்தில ஒண்டாப் படிச்ச ரெண்டு பேர், ராமும் ஜானுவும், ஒரு ராத்திரி முழுக்கக் கதைக்கினம். இயக்குநர் பிரேம்குமார் அதுவரைக்கும் ஒளிப்பதிவாளர். கதையைக் கேட்டா நித்திரை வரும், ரெண்டரை மணித்தியாலத்துக்கும் மேல.

அது நிண்டதுக்குக் காரணம் ஒரு கடனை வாங்கி வச்சுத் திருப்பிக் குடுக்கிற முறை. பள்ளிக்கூடத்தில ராம் திரும்பத் திரும்பக் கேக்கிற பாட்டு ஒண்டு இருக்கு, "யமுனை ஆற்றிலே". ஜானு மற்றப் பாட்டெல்லாம் பாடுவா, அதை மட்டும் பாடமாட்டா. இயக்குநர் அந்த மறுப்பைப் பலதரம் காட்டி, பார்க்கிற ஆளுக்கும் அந்த ஏக்கத்தை ஏத்திவிடுறார். கடைசியில சென்னையில ராமின்ர வீட்டில கரண்ட் போய் இருட்டாக் கிடக்கேக்க, பின்னணி இசை ஒண்டும் இல்லாமல் அவ பாடத் தொடங்குவா. அவன் இருட்டுக்குள்ள தட்டுத்தடுமாறி ஓடி வாறான். வேற எந்தப் படத்திலயும் ஒரு பழைய பாட்டுக்கு இந்த மதிப்பு வராது, ஏனெண்டா முதலில கடன் வைக்கேல்ல. மருமகளுக்கு இது விளங்க வேணுமெண்டா வசனவரி கட்டாயம். பிள்ளைக்குச் சலிக்கும், சொல்லிப்போட்டன்.

96 வந்து அடுத்த நாள், ஒக்டோபர் 5, ராட்சசன் வந்தது. அதை எடுத்த ராம்குமார் அதுக்கு முதல் எடுத்தது முண்டாசுப்பட்டி (2014), போட்டோ எடுத்தா செத்துப்போவம் எண்டு பயப்படுற கிராமத்துப் பகிடிப் படம். அந்த ஆள் இப்பிடி ஒரு திகில் படத்தோட வருவார் எண்டு ஆரும் நினைக்கேல்ல. ஆனா உங்கட வீட்டுக்கு அது வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கடத்திக் கொல்லுற கதை. அதுக்குப் பதிலா முண்டாசுப்பட்டியைப் போடுங்கோ, பதினொரு வயசு விழுந்து விழுந்து சிரிக்கும்.

இன்னொரு விசயம், நீளம். அதே பிரேம்குமாரின்ர மெய்யழகன் 2024 செப்டெம்பர் 27 வரேக்க 177 நிமிசம். வந்த கையோடயே 18 நிமிசத்துக்குக் கிட்ட வெட்டினவங்கள். வெட்டு நல்லதோ கெட்டதோ எண்டு சண்டை இண்டைக்கும் ஓயேல்ல. என்ர கணக்கில முழு நீளம்தான் படம். ஆனா முதல் நாள் பார்த்தவரும் அடுத்த வாரம் பார்த்தவரும் வேற வேற படத்தைப் பற்றிக் கதைக்கினம் எண்டதை விமர்சனம் வாசிக்கேக்க ஞாபகம் வச்சிருங்கோ.


கொட்டாஞ்சேனைச்_சந்தி

லப்பர் பந்து (2024) சொல்லாம விட்டுட்டீங்களே. கிரிக்கெட் படம் என்றதும் கடைசி ஓவரில் ஆறு அடித்து ஜெயிக்கிற கதை என்று நினைத்துத்தான் பலரும் போகவில்லை. உள்ளே இருப்பது மாமன் மருமகன் மானப் பிரச்சினை, யார் அணியில் யாரைச் சேர்ப்பார்கள் என்ற சாதி. மைதானத்தில் ஆடுவது அதைத்தான். அட்டகத்தி தினேஷ் மட்டையோடு இறங்கும்போது போடுகிற விஜயகாந்த் பாட்டு 1989 பொன்மனச் செல்வன் படத்தில் வந்தது, அதற்கே தியேட்டர் எழும்பும். இங்கே சந்துக்குள்ளே மென்பந்து ஆடுகிறவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. ரத்தம் இல்லை. நாலு பேருக்கும் சரி.

தனி ஒருவன் (2015) அடுத்தது. இயக்குநர் மோகன் ராஜா அதுவரை எடுத்தது பெரும்பாலும் மறு ஆக்கங்கள் என்பதால் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. அரவிந்த்சாமிக்காகவே பார்க்கலாம்.


ஹம்டன்_லேன்

நன்றி எல்லாருக்கும். லப்பர் பந்தும் டூரிஸ்ட் ஃபேமிலியும் முதல் வரிசை. வீட்டில பார்க்கேக்க ஒரு தொல்லை: பாட்டும் சண்டையும் அலறும், கதைக்கிறது கேக்காது. ரிமோட்டைக் கையில வச்சுக் கூட்டிக் குறைச்சுக்கொண்டே இருக்க வேணும். படமும் ஏதோ ரீவி நாடகம் மாதிரி வழுக்கிக்கொண்டு போகுது. 43 அங்குலம், தனி ஸ்பீக்கர் இல்லை.


வெட்டு_மேசை

பாதிப் படங்கள் வீட்டில் மோசமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். இரண்டும் டிவி செட்டிங்.

சத்தம்: தியேட்டருக்குக் கலந்த 5.1, அதாவது ஆறு தட ஒலியில் வசனம் அநேகமாக நடு ஸ்பீக்கரில் மட்டும் வரும். டிவியில் இருப்பது இடம் வலம் இரண்டுதான். ஆறு தடத்தையும் இரண்டுக்குள் அமுக்கும்போது வசனம் இசைக்குள் மூழ்கிவிடுகிறது. ஓடிடி மெனுவில் தமிழ் ஒலி இரண்டு வகை இருந்தால் 5.1 அல்லாததை எடுங்க. டிவியின் ஒலி மெனுவில் டிஜிட்டல் வெளியீட்டை பிசிஎம் என்று மாற்றிப் பாருங்க. நைட் மோட் அல்லது ஆட்டோ வால்யூம் இருந்தால் போடுங்க, அலறலும் முணுமுணுப்பும் கிட்ட வரும். சரவுண்ட் என்று பெயர் வைத்த எதையும் நிறுத்துங்க. இரண்டு ஸ்பீக்கரில் அது எதிரொலியை மட்டும்தான் கூட்டும்.

வழுக்கல்: படம் நொடிக்கு 24 சட்டகம். டிவி இடையில் தானாகச் சட்டகங்களை உருவாக்கிச் செருகுகிறது, அதுதான் நாடகத் தோற்றம். சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி, எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ. ஆஃப் பண்ணுங்க. விவிட், டைனமிக் வேண்டாம், சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் மோட் வையுங்க. முதல் பத்து நிமிடம் மஞ்சளாகத் தெரியும், கண் பழகிவிடும்.

மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருகிறதே என்று ஸூம் பண்ண வேண்டாம். சினிமாஸ்கோப் 2.39க்கு 1, டிவி 16க்கு 9. ஆகவே டிவியின் உயரத்தில் நாலில் மூன்று பங்குதான் படம். 43 அங்குல டிவியில் அது 40 சென்ரிமீற்றர் உயரம். ஸூம் போட்டால் பக்கங்களில் கால்வாசிப் படம் போய்விடும், வசனவரியும் வெட்டுப்படும். பட்டையைத் தாங்க முடியாவிட்டால் நாற்காலியை ஒரு அடி முன்னே இழுங்க.

கேமராவில் திருடிய பிரதி என்றால் மேலே சொன்ன எதுவும் உதவாது. அந்தப் பிரதியைப் பார்த்துவிட்டுப் படத்துக்குத் தீர்ப்பு எழுதுகிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள், பெயர் சொல்லவில்லை.


பொன்மணி77

முன்கூட்டியே கண்டுபிடிக்கிறது எப்பிடி எண்டு தம்பி கேட்டதுக்கு ஆரும் பதில் சொல்லேல்ல.

டிரெய்லரில கதாபாத்திரம் கதைக்குதோ, இல்லாட்டிப் பின்னணி இசையும் எழுத்தும் மட்டும் ஓடுதோ பாருங்கோ. முழு வசனம் நாலைஞ்சு விட்டிருந்தா எடுத்தவருக்குத் தன்ர காட்சியில நம்பிக்கை இருக்கு. வெறும் மெதுவோட்டமும் இடியும் எண்டா உள்ள ஒண்டும் இல்லை எண்டே வச்சுக்கொள்ளலாம். பிறகு ஓட்ட நேரம். முதல் படம் எடுக்கிறவர் ரெண்டே கால் மணித்தியாலத்துக்குள்ள முடிச்சிருந்தா வெட்டு மேசையில ஆரோ அவரோட சண்டை பிடிச்சிருக்கினம் எண்டு அர்த்தம். துருவங்கள் பதினாறு (2016) 105 நிமிசம், பாட்டே இல்லை. எடுத்த கார்த்திக் நரேனுக்கு அப்ப இருபதுகளின்ர தொடக்கம்.

முதல் மூண்டு நாள் வசூல் ரசிகரின்ர கணக்கு, அதைப் பார்க்காதேங்கோ. திங்கட்கிழமையைப் பாருங்கோ. தமிழ்நாட்டில திங்கள் வசூல் வெள்ளியின்ர பாதிக்குக் கீழ விழாமல் நிண்டா, வாய்ப்பேச்சு வேலை செய்யுது. அந்த நேரம் உடன டிக்கெட் எடுங்கோ, ஏனெண்டா அடுத்த வியாழன் வெள்ளியில பெரிய படம் ஒண்டு வந்தா கொழும்பில முதலில போறது சின்னப் படத்தின்ர காட்சிதான். தெஹிவளை கொன்கோர்ட், வெள்ளவத்தை சவோய் ரெண்டையும் மட்டும் பார்த்திட்டு விடாமல், வன் கோல் ஃபேஸ் பிவிஆர், கொழும்பு சிட்டி சென்டர் ஸ்கோப் அட்டவணைகளையும் திங்கள் இரவும் புதன் இரவும் பாருங்கோ. திரை கூடின இடத்தில சின்னப் படத்துக்கு ஒரு மூலை கிடைக்கும், பின்னேரம் நாலு மணிக்கோ இரவு பத்துக்கோ.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறதுக்கு இந்தியச் சான்றிதழையும் பாருங்கோ. 2024 கடைசியில இருந்து யுஏ 7, யுஏ 13, யுஏ 16 எண்டு (அந்த வயசுக்குக் கீழ எண்டா பெற்றோர் வழிகாட்டலோட) பிரிச்சுத் தருகினம், முந்தின ஒற்றை யுஏயை விட உதவி. எங்கட நாட்டில பகிரங்கக் காட்சிச் சபை வேறாப் பார்த்து அனுமதிக்குது, ரெண்டும் ஒண்டா இருக்க வேணுமெண்டில்லை.

கேட்டது பத்துப் பன்னிரண்டு வருசத்துக்குள்ள, தெரியும். எண்டாலும் ஒண்டு சொல்லவேணும். இலங்கைத் தமிழ்ப் படம் எண்டா மேடை நாடகத்தைப் படம் பிடிச்சிருப்பாங்கள் எண்டு நினைக்கிற ஆக்கள் பொன்மணியை (1977) பார்க்கவேணும். எடுத்தது தர்மசேன பத்திராஜா. யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் ஒரு சிங்கள இயக்குநர் இவ்வளவு கிட்ட நிண்டு பார்த்திருப்பார் எண்டு ஆரும் எதிர்பார்க்கமாட்டினம். வந்த நேரம் ஓடேல்ல. சென்னைப் பாணிப் பாட்டும் சண்டையும் தேடிப் போனவைக்கு அது பிடிக்கேல்ல. அசோக ஹந்தகமவின்ர இனி அவன் (2012) உம் அப்பிடித்தான், முழுக்கத் தமிழில, போர் முடிஞ்சு ஊருக்குத் திரும்புற போராளியின்ர கதை. ரெண்டும் மருமகளோட இருந்து பார்க்க நல்ல படங்கள், பிள்ளைக்கு இல்லை.


கடைசி_வரிசை

பொன்மணி அண்ணை, திங்கட்கிழமைக் கணக்கில ஒரு ஓட்டை. திங்கள் விடுமுறையா விழுந்தா அது செல்லாது. தீபாவளி, பொங்கல் வாரத்தில செவ்வாய் புதன் மட்டும் பொறுக்க வேணும்.

ஹம்டன் லேன், மருமகளுக்கு வசனவரி வேணுமெண்டா டிக்கெட் எடுக்கேக்க காட்சிப் பேருக்குப் பக்கத்தில ஆங்கில வசனவரி எண்டு போட்டிருக்கோ பாருங்கோ. போடேல்லையெண்டா தியேட்டருக்குப் போன் பண்ணிக் கேட்டிட்டு எடுங்கோ. ஒரே படம் ஒரு தியேட்டரில வசனவரியோடயும் மற்றதில இல்லாமலும் ஓடுறது உண்டு. ஓடிடியில தேடேக்க இந்தியாவில எந்தத் தளத்தில இருக்கு எண்டு கூகுள் சொல்லுறதை நம்பிக் காசு கட்டாதேங்கோ. இலங்கைக்கான உரிமை வேற, இங்க இருந்து அந்தச் செயலிக்குள்ள படத்தின்ர பேரை அடிச்சுப் பார்த்திட்டுக் கட்டுங்கோ.