இடிக்கிற கூலியைக் கழிச்சுக்கணும் சார்

டெல்டாக்காரன்:
வயது 67. பட்டுக்கோட்டைப் பக்கம் 14 படுக்கை நர்சிங் ஹோம், நானும் மனைவியும். இதுதான் நம் பென்ஷன் என்று இருந்தோம். அரசுக் காப்பீட்டு அட்டை வந்தது, ஆபரேஷன் கேஸெல்லாம் தஞ்சாவூருக்குப் போனது. அப்புறம் 2018ல் மருத்துவமனைப் பதிவு விதிகள், எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. தெரிந்த கதைதானே. மூடி விற்றுவிடலாம் என்று முடிவு. போன மாதம் ஒரு ஜவுளிக்கடைக்காரர் இடம் பார்க்க வந்தார். ஆபரேஷன் தியேட்டர் விளக்கு, கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. கதிர் வெளியே போகாமலிருக்கக் கனமாகக் கட்டிய எக்ஸ்ரே ரூம் சுவரை விரல் முட்டியால் தட்டி, "ஒன்பது இஞ்சா? இடிக்கிற கூலியைக் கழிச்சுக்கணும் சார்" என்றார். அந்தச் சுவருக்கு எட்டு வருடம் வட்டி கட்டியிருக்கிறேன்.

ஜிஹெச்_அக்கா:
உங்களுக்கு விற்கவாவது சுவர் இருக்கிறது சார். நான் 2004ல் அரசு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவள். 1-4-2003 தாண்டிவிட்டதால் பழைய பென்ஷன் இல்லை, சிபிஎஸ் என்கிற பங்களிப்பு ஓய்வூதியம்தான், மாதம் 10 சதவீதம் பிடித்தம். எனக்கு உறுத்துவது வேறு. 2020 மே 31 எங்கள் சீஃப் ரிட்டயர்மென்ட். சால்வை வாங்கியாச்சு, டிராயரைக் காலி செய்தாச்சு. ஓய்வு வயதை 58லிருந்து 59 ஆக்கி அரசாணை வந்தது. கொரோனா வார்டு ரவுண்ட்ஸ் முடித்து வந்தவர், பையிலிருந்து பெயர்ப்பலகையை எடுத்து மறுபடி மேசையில் வைத்தார். எல்லோரும் கைதட்டினோம். அவர் போனால்தான் வரிசையில் எனக்குப் பதவி உயர்வு நகரும். நானும்தான் தட்டினேன். மறு வருடம் 60 ஆனது.

மயக்கமருந்து:
அக்கா, சிபிஎஸ் என்றாலும் மாதம் பிறந்தால் உங்களுக்குச் சம்பளம். கேஸுக்கு இவ்வளவு என்று மயக்கமருந்து கொடுக்க ஊர் ஊராகப் போகிறவன் நான். முதுகுவலியில் 3 மாதம் படுத்தேன், ஒரு பைசா வரவில்லை. என் கதை அவ்வளவுதான்.
டெல்டா சார், கேட்காமலே சொல்கிறேன். மூடியதும் இன்டெம்னிட்டி பாலிசியை, அதாவது நோயாளி நஷ்டஈடு கேட்டால் கைகொடுக்கும் காப்பீட்டை, நிறுத்திவிடாதீர்கள். நுகர்வோர் வழக்குப் போட 2 வருடம் அவகாசம் உண்டு. நோட்டீஸ் வரும்போது பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்பான கேஸ் ஷீட்டை 3 வருடமாவது பத்திரமாக வையுங்கள், சுவரோடு சேர்த்து வாரிக் கொட்டிவிடப் போகிறார்கள். எக்ஸ்ரே மெஷினைக் காயலான் கடைக்குப் போடக் கூடாது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தெரிவித்துத்தான் கழிக்க வேண்டும். விற்ற பணத்தில் ஆளுக்கு 30 லட்சம் வரை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். மகன் கிளினிக் வைக்கிறேன் என்றால் மட்டும் கொடுக்காதீர்கள்.

டெல்டாக்காரன்:
தம்பி, மெஷினை 2 வருடம் முன்பே முறைப்படி கழித்தாச்சு. மகன் இல்லை, மகள் பெங்களூரில் சாஃப்ட்வேர். ஜவுளிக்கடைக்காரருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அந்த ரூமைத் தாண்டும்போது இப்போதெல்லாம் நானும் ஒரு தட்டு தட்டிப் பார்க்கிறேன்.